வீட்டுக் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ்? காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியன். எங்கள் வீட்டில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்று, கல்லூரியில் படிக்கும் என் பேத்தியின் வின்டோஸ் 11 லேப்டாப். மற்றொன்று, நான் 2016இல் வாங்கிய வின்டோஸ் 10 டெஸ்க்டாப். ஓய்வூதியக் கணக்கு, வருமான வரி, மின்கட்டணம், குடும்பப் புகைப்படங்கள் என்று என்னுடைய எல்லாக் காரியங்களும் அந்த டெஸ்க்டாப்பில்தான் நடக்கின்றன.

சென்ற மாதம் அது மிகவும் மெதுவாக ஓடுகிறதென்று கடைக்கு எடுத்துப் போனேன். "வின்டோஸோடு வருகிற டிஃபெண்டரை நம்பாதீர்கள் ஐயா, அது பேருக்குத்தான்" என்று சொல்லி, மூன்று ஆண்டுச் சந்தாவோடு ஓர் ஆன்டிவைரஸைப் போட்டுக் கொடுத்தார்கள். அதற்கு முன்பே என் தம்பி மகன் இலவச ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டிருந்தான். அதையும் யாரும் எடுக்கவில்லை. இப்போது கணினி முன்பைவிட மெதுவாகிவிட்டது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுக் காபி குடித்து வந்தால்கூட முகப்புத் திரை முழுதாக வந்திருப்பதில்லை.

என்னை மிகவும் கலங்கடிப்பது வேறொன்று. திரையின் வலது கீழ் மூலையில் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை சிவப்பு நிறப் பெட்டி ஒன்று எழுகிறது. "உங்கள் பாதுகாப்புச் சந்தா முடிந்துவிட்டது, உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. பணம் கட்டிய பிறகும் இது நிற்கவில்லை. நான் எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதை நீக்க வேண்டும்? உளவு பார்க்கும் ஸ்பைவேருக்கென்று தனியாக ஒன்று வாங்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வன்தட்டு எழுதியது:

வணக்கம் ஐயா. மதுரையில் பதினான்கு ஆண்டுகளாகக் கணினி பழுது பார்க்கிறேன். எதை வாங்குவது என்பதற்கு முன்னால் அந்தச் சிவப்புப் பெட்டியைத் தீர்த்துவிடலாம். என்னிடம் வருகிற பெரியவர்களில் பலர் அதைக் கண்டு பயந்துதான் பணத்தை இழக்கிறார்கள்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது எந்த ஆன்டிவைரஸும் காட்டுகிற எச்சரிக்கையாக இருக்க முடியாது. ஏதோ ஓர் இணையதளத்துக்குப் போனபோது "அறிவிப்புகளை அனுப்பலாமா?" என்று பிரவுசர் கேட்டிருக்கும், "அனுமதி" என்பதை நீங்களோ வீட்டில் வேறு யாரோ அழுத்தியிருப்பீர்கள். அந்தத் தளம் அன்றிலிருந்து பிரபல நிறுவனங்களின் சின்னத்தை ஒட்டி விளம்பரத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறது. பெட்டியைக் கூர்ந்து பாருங்கள். அடியிலோ மேலேயோ சிறிய எழுத்தில் குரோம் என்ற பெயரும், வாயில் நுழையாத ஓர் இணைய முகவரியும் இருக்கும். குரோமில் செட்டிங்ஸ், அதில் பிரைவசி அண்டு செக்யூரிட்டி, அதில் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். பெட்டி அதோடு நின்றுவிடும். அதுவரை அதன்மீது சொடுக்கவே வேண்டாம். சொடுக்கினால் பணம் கட்டும் பக்கத்துக்கு அழைத்துப் போகும்.

அடுத்தது, இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே கணினியில் இருக்கக் கூடாது. நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கும் கணத்தில், அது திறப்பதற்கு முன்பே இடைமறித்துச் சோதிப்பதுதான் இந்த மென்பொருள்களின் வேலை. இரண்டு இருந்தால், முதலாவது திறந்து பார்ப்பதை இரண்டாவது இடைமறிக்கும், இரண்டாவது தொடுவதை முதலாவது சோதிக்கும். ஹார்டு டிஸ்க் ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும். உங்கள் காபி நேரம் அங்கேதான் போகிறது. இரண்டு பூட்டுப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்ற கணக்கு இங்கே செல்லாது.

காவிரிக்கரை எழுதியது:

நீங்கள் சொன்ன இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். பதினொரு முகவரிகள் இருந்தன, அவற்றில் ஒன்றைக்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். மதியத்திலிருந்து பெட்டி வரவில்லை. இவ்வளவு எளிய விஷயத்துக்கா நான் மூன்று ஆண்டுப் பணம் கட்டினேன் என்று மனம் வருந்துகிறது.

நிழல்மரம் எழுதியது:

ஐயா, கடைக்காரர் சொன்னது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. அதனால் அவர் ஏமாற்றினார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

2004 இறுதியில் ஜயன்ட் என்ற சிறு நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கி, அதன் ஸ்பைவேர் நீக்கியைத்தான் பிறகு வின்டோஸ் டிஃபெண்டர் என்ற பெயரில் விஸ்டா என்ற வின்டோஸ் பதிப்போடு கொடுத்தது. அப்போது அது ஸ்பைவேரை மட்டும்தான் பார்த்தது, வைரஸைப் பிடிக்காது. வைரஸுக்கு ஒன்று, ஸ்பைவேருக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்தக் காலத்தில் ஊறிப்போனது. ஸ்பைபாட், ஆட்-அவேர் போன்றவற்றை அன்றைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2009இல் மைக்ரோசாஃப்டின் இலவச ஆன்டிவைரஸான செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் வந்தது. 2012இல் வின்டோஸ் 8 வெளிவந்தபோது இரண்டு வேலைகளும் டிஃபெண்டருக்குள்ளேயே சேர்ந்தன. ஆனாலும் அந்த ஆண்டுகளில் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட் ஆய்வகத்தின் சோதனைகளில் மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு மிகவும் பின்தங்கியிருந்தது. "பேருக்குத்தான்" என்ற பேச்சு அப்போது பிறந்தது.

நிலைமை மாறிவிட்டது. ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், தவறான எச்சரிக்கை எழுப்பாமை ஆகிய மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் வைத்து 18க்கு மதிப்பிடுகிறது. கடந்த சில ஆண்டுகளாக டிஃபெண்டர் அங்கே காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களோடு சமமாக நிற்கிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் இயங்கும் ஏவி-கம்பேரடிவ்ஸ் அமைப்பும் தனியாகச் சோதித்து முடிவுகளை இலவசமாக வெளியிடுகிறது. விளம்பரத்தையோ யூடியூப் காணொளியையோ பார்ப்பதைவிட, எதையும் வாங்குமுன் இவ்விரண்டு தளங்களின் கடைசி மூன்று நான்கு அறிக்கைகளைச் சேர்த்துப் பாருங்கள். ஒரே ஒரு அறிக்கையில் முதலிடம் வந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

உங்கள் நேரடிக் கேள்விக்கு என் பதில்: ஸ்பைவேருக்கென்று தனியாக வாங்க வேண்டாம். சந்தேகம் வரும் நாளில் இரண்டாவது கருத்துக் கேட்பதற்கு மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பை வைத்துக்கொள்ளலாம். அது நாம் சொல்லும்போது மட்டும் ஸ்கேன் செய்வதால் டிஃபெண்டரோடு மோதாது. முதல் 14 நாள்கள் கட்டணப் பதிப்பாக ஓடினால், செட்டிங்ஸில் அந்தச் சோதனைக் காலத்தை முடித்துவிடுங்கள்.

தெற்குவாசல் எழுதியது:

நண்பர் நிழல்மரம் சொல்வதில் ஒரு பகுதியை நான் ஏற்கவில்லை. ஆய்வக மதிப்பெண் சமமாக இருக்கலாம். ஆனால் டிஃபெண்டர் எதையாவது பிடித்து அறிவிப்புக் காட்டினால், அடுத்து என்ன செய்வதென்று என் தாய் தந்தையர் யாரிடம் கேட்பார்கள்? நான் வேலை செய்வது வெளிநாட்டில். அவர்களுக்கு நான் இந்தியாவில் தயாராகும் ஒரு மென்பொருளைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சென்னையில் 1991இல் தொடங்கப்பட்ட கே7 நம் ஊர் நிறுவனம். புனேயில் குயிக் ஹீல் இருக்கிறது. தொலைபேசியில் அழைத்துப் பேசினால் பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார் என்பதே முதியவர்களுக்குப் பெரிய நிம்மதி. அந்த நிம்மதிக்கு விலை கொடுப்பதை வீண்செலவு என்று நான் நினைக்கவில்லை. காவிரிக்கரை ஐயா ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறார். சந்தா முடியும்வரை அதையே வைத்துக்கொண்டு, இலவசமாகப் போட்டதை மட்டும் நீக்கினால் போதுமே.

நிழல்மரம் எழுதியது:

உதவிக்கு ஆள் என்ற காரணத்தை மறுக்க மாட்டேன். அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: சந்தா முடிந்ததும் அதைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது முழுமையாக நீக்க வேண்டும். வேறு ஆன்டிவைரஸ் பதிவாகியிருக்கும்போது டிஃபெண்டர் தானாக ஒதுங்கி நிற்கும். காலாவதியான மென்பொருள் உள்ளே கிடந்தால், புதிய வைரஸ்களின் விவரம் அதற்கு வராது, டிஃபெண்டரும் பழையபடி முழுப்பொறுப்பை ஏற்காமல் போகலாம். நான் பார்த்த மோசமான கணினிகள் பெரும்பாலும் இந்த இரண்டுங்கெட்டான் நிலையில்தான் இருந்தன. நீக்கியதும் டிஃபெண்டர் தானே விழித்துக்கொள்ளும்.

ஏடும்எழுத்தும் எழுதியது:

எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று பேசுகிற இந்த இடத்தில், என்னுடைய அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. சிவகாசிக்குப் பக்கத்தில் வீட்டிலிருந்தே அழைப்பிதழ் வடிவமைக்கும் தொழில் செய்கிறேன். என்னிடம் இருந்தது நல்ல ஆன்டிவைரஸ்தான், காசு கொடுத்து வாங்கியது, அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது.

வடிவமைப்பு மென்பொருள் ஒன்றின் கிராக் பதிப்பை, அதாவது காசு கொடுக்காமல் ஓடும்படி திருட்டுத்தனமாக மாற்றியதை, இறக்கினேன். கூடவே வந்த குறிப்பில் முதல் வரி, "நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும், அது தவறாக எச்சரிக்கும்" என்று இருந்தது. அணைத்தேன். மென்பொருளும் திறந்தது, இரவு பதினொரு மணி வரை வேலை செய்தேன். காலையில் பார்த்தபோது ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ரீட்மீ என்ற பெயரில் ஓர் உரைக்கோப்பு. 980 டாலர் கேட்டிருந்தார்கள், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490 என்று எழுதியிருந்தது. ஆறு ஆண்டு வேலை. மறுவாரம் அச்சுக்குப் போக வேண்டிய இரண்டு திருமணப் பத்திரிகைகளும் அதற்குள்தான் இருந்தன. அந்தப் பெண் வீட்டாருக்குத் தொலைபேசியில் எப்படிச் சொன்னேன் என்பதை இன்றும் நினைக்க முடியவில்லை.

அது ஸ்டாப் என்றும் டிஜேவு என்றும் அழைக்கப்படும், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வகை என்று பிறகு தெரிந்தது. கிராக் மென்பொருள்கள் வழியாகவே அதிகம் பரவிய வகை. எம்சிசாஃப்ட் நிறுவனம் அதற்கு இலவச மீட்புக் கருவி கொடுக்கிறது, ஆனால் பூட்டிய சாவி எந்த வகை என்பதைப் பொறுத்தே அது திறக்கும். என் கோப்புகளில் பெரும்பகுதி திறக்கவில்லை. நான் பணம் கட்டவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகலெடுத்து, கழற்றி, பீரோவில் வைத்துவிடுகிறேன். கழற்றுவது முக்கியம். செருகியபடியே இருந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடும்.

வன்தட்டு எழுதியது:

சகோதரி, இதை வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. என் கடைக்கு வருகிறவர்களில் பலர் வெட்கப்பட்டுக்கொண்டு, எப்படி வந்ததென்றே தெரியவில்லை என்பார்கள். எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் மறுபடி வராமல் தடுக்க முடியும்.

டிஃபெண்டர் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. வின்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பக்கத்தின் அடியில் உள்ள ரான்சம்வேர் பகுதிக்குப் போனால், கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்று ஒன்று தெரியும். முதலில் அது அணைந்தே இருக்கும். இயக்கிவிட்டால், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் இருப்பதை முன்பின் தெரியாத நிரல் எதுவும் மாற்ற முடியாது. தொந்தரவும் உண்டு. நம்முடைய நல்ல நிரல்களையே சில நேரம் தடுக்கும், அப்போது அனுமதிப் பட்டியலில் நாம் சேர்க்க வேண்டும். தமிழ் எழுத்துருச் செயலிகள், பழைய கணக்கு மென்பொருள்கள் ஆகியவற்றை அது தடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் பொறுத்துக்கொண்டால் பழகிவிடும்.

பேத்தியைப் பற்றி ஒரு வார்த்தை ஐயா. பிராஜெக்ட் அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவ் கொண்டுபோவார் அல்லவா? திரும்பி வந்து செருகும்போது, கோப்புகள் எல்லாம் மூலையில் சிறு அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாகத் தெரிந்தால் எதையும் திறக்க வேண்டாம். உண்மையான கோப்புகள் மறைந்துதான் இருக்கும், அழிந்திருக்காது. அந்த ஷார்ட்கட்டைச் சொடுக்குவதுதான் வைரஸுக்குக் கதவைத் திறப்பது. முதலில் பென் டிரைவை முழுதாக ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

அகல்விளக்கு எழுதியது:

இலவச ஆன்டிவைரஸ்கள் பற்றி யாரும் பேசாததால் சேர்க்கிறேன். நம்முடைய ஒவ்வொரு கோப்பையும், போகும் ஒவ்வொரு இணையப் பக்கத்தையும் பார்க்கும் உரிமையை இந்த மென்பொருள்களுக்கு நாமே கொடுக்கிறோம். ஆகவே அவற்றைத் தயாரிப்பவர் யார், வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது பாதுகாப்புக் கேள்விதான். அவாஸ்ட் தன் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது 2020 ஜனவரியில் வெளிவந்தது; ஜம்ப்ஷாட் உடனே மூடப்பட்டது. அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2024இல் அவாஸ்ட் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று நடவடிக்கை எடுத்து, அத்தகைய விவரங்களை விளம்பரத்துக்கு விற்பதையும் தடைசெய்தது. உளவு பார்ப்பதைத் தடுப்பதற்காகப் போட்டது நம் விவரத்தையே விற்றது என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. அலமாரியில் நான்கு பெட்டிகள் இருப்பதால் நான்கு தேர்வுகள் இருப்பதாக எண்ண வேண்டாம்.

ஸ்பைவேர் பற்றி ஐயா கேட்டதற்கும் கொஞ்சம் விரிவான பதில் தேவை. பழைய ஸ்பைவேர் விளம்பரம் காட்டும், பிரவுசரின் முகப்புப் பக்கத்தை மாற்றும், கண்ணுக்குத் தெரியும். இப்போது உள்ளவற்றை இன்ஃபோஸ்டீலர் என்கிறார்கள். வந்த சில நிமிடங்களில் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும், நாம் உள்நுழைந்திருப்பதற்கு அடையாளமாகத் தளங்கள் பிரவுசரில் வைக்கும் குக்கீ என்ற சிறு குறிப்புகளையும் அள்ளிக்கொண்டு, பல நேரங்களில் தன்னையே அழித்துக்கொண்டு போய்விடும். கணினி மெதுவாகாது, பெட்டி எதுவும் எழாது. குக்கீ போய்விட்டால், செல்பேசிக்கு ஓடிபி வரும் கணக்கில்கூட அந்த ஓடிபி இல்லாமலே நுழைய முடியும், ஏனென்றால் ஓடிபி கொடுத்து உள்ளே போனவர் நீங்கள்தான் என்று அந்தக் குக்கீ சாட்சி சொல்கிறது. ரெட்லைன் என்ற இத்தகைய நிரலின் கட்டமைப்பை 2024 அக்டோபரில் நெதர்லாந்து காவல்துறையும் பிற நாட்டினரும் சேர்ந்து முடக்கினார்கள். அதன்பிறகும் இந்தத் தொழில் நிற்கவில்லை.

இவை வரும் வழிகளில் புதியது ஒன்றை வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். "நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதிசெய்க" என்று ஒரு பக்கம் கேட்கும். வழக்கம்போலச் சொடுக்கினால், வின்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று சொல்லும். நாம் அறியாமல் ஏற்கெனவே நகலெடுத்து வைக்கப்பட்ட கட்டளையை நம் கையாலேயே ஓடவைக்கும் தந்திரம் இது. உண்மையான எந்தத் தளமும் இப்படிக் கேட்பதே இல்லை.

அப்படி நடந்துவிட்டால், பாதிக்கப்பட்ட கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றாதீர்கள். வேறு ஒரு கருவியிலிருந்து, முதலில் மின்னஞ்சலிலும் பிறகு வங்கியிலும், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் வசதியைப் பயன்படுத்திவிட்டுப் புதிய கடவுச்சொல் வையுங்கள். பணம் போயிருந்தால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அழையுங்கள்.

தெற்குவாசல் எழுதியது:

டெஸ்க்டாப் வின்டோஸ் 10 என்பதை எல்லோரும் தாண்டிப் போகிறோம். மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. டிஃபெண்டருக்கான வைரஸ் விவரங்கள் 2028 வரை வரும் என்று அறிவித்திருப்பதால் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது வேறு, வின்டோஸிலேயே இருக்கும் ஓட்டையை அடைப்பது வேறு.

2017 மே 12 அன்று வன்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் பரவியபோது யாரும் எதையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை. வின்டோஸில் இருந்த ஓட்டை வழியாகவே கணினியிலிருந்து கணினிக்குத் தாவியது. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14 அன்று, வெளியிட்டிருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். ஐயா, செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்துக்குப் போய், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியாகப் பதிந்துகொள்ளுங்கள். அது 2026 அக்டோபர் 13 வரை செல்லும். 2016ஆம் ஆண்டுக் கணினி வின்டோஸ் 11க்குத் தகுதி பெறாது என்பதால், அதற்குள் வேறு ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை பேத்தியும் நானும் உட்கார்ந்து செய்தவற்றை எழுதுகிறேன்.

தம்பி மகன் போட்ட இலவச மென்பொருளை டெஸ்க்டாப்பிலிருந்து நீக்கினோம். சாதாரணமாக நீக்கியபோது முழுதாகப் போகவில்லை. அந்த நிறுவனமே தருகிற நீக்கும் கருவியை இறக்கி ஓட்டிய பிறகுதான் போனது. கடையில் வாங்கியதைச் சந்தா முடியும்வரை வைத்துக்கொள்கிறேன். தெற்குவாசல் சொன்ன காரணம் எனக்கும் பொருந்துகிறது. இப்போது காபி ஆறுவதற்குள் திரை வந்துவிடுகிறது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புக்கும் பதிந்துகொண்டோம். பேத்தியின் லேப்டாப்பில் டிஃபெண்டர் மட்டும். ரான்சம்வேர் தடுப்பை இயக்கியதும் அவளுடைய பாடத்துக்கான நிரல் ஒன்றைத் தடுத்தது, அனுமதித்துவிட்டோம்.

பாதுகாப்பு உண்மையிலேயே விழித்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று அவள் தேடி, ஈகார் என்ற சோதனைக் கோப்பைக் கண்டுபிடித்தாள். 68 எழுத்துகள் மட்டும் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத உரைக்கோப்பு. எல்லா ஆன்டிவைரஸ்களும் அதை வைரஸாகவே நடத்த வேண்டும் என்று பொது ஏற்பாடு இருக்கிறதாம். இரண்டு கணினிகளிலும் சேமித்துப் பார்த்தோம். லேப்டாப்பில் கோப்பு உடனே காணாமல் போயிற்று. டெஸ்க்டாப்பில் மூன்று நான்கு விநாடிகள் ஒன்றும் நடக்கவில்லை, எனக்கு மனம் திக்கென்றது. பிறகு எச்சரிக்கை வந்தது.

ஏடும்எழுத்தும் அம்மாவின் அனுபவத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மனைவியின் புகைப்படங்கள் அந்த ஒரே டெஸ்க்டாப்பில்தான் இருந்தன. அவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மறுநாளே ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் நகலெடுத்தேன். கழற்றி, பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வைத்திருக்கிறேன். இன்னொரு பிரதியை மகன் வீட்டில் வைக்கச் சொல்லிப் பேத்தியிடம் கொடுத்தனுப்புகிறேன்.